யாரும் குளிக்காத தொட்டி

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க.

1999, பிப்ரவரி மாதக் கடைசி. நெதர்லாந்தின் வடபகுதியில் போவன்கார்ஸ்பெல் என்றொரு சிறிய ஊர். ட்யூலிப் விளையும் பூமி. அங்கே நடந்த மலர்க் கண்காட்சிக்கு அந்த வருஷம் 77,061 பேர் வந்திருந்தார்கள். பூ பார்த்தார்கள், காபி குடித்தார்கள், பக்கத்து அரங்குகளில் வீட்டு உபயோகப் பொருட்களை வேடிக்கை பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்த வட்டாரத்தில் கடுமையான நிமோனியாவோடு ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். ஆய்வாளர்கள் எடுத்த கணக்குப்படி 188 பேருக்கு நோய். இறப்பு முப்பதைத் தாண்டியது.

விசாரணை போய் நின்ற இடம், மூன்றாம் அரங்கில் விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்திருந்த ஒரு ஹாட் டப். வெந்நீர் நிரப்பி, குமிழி கொப்பளிக்க ஓடவிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்க முடிந்த 29 நோயாளிகளில் 28 பேரிடம் இருந்த கிருமியும், தொட்டியில் இருந்த கிருமியும் மரபணு ஒப்பீட்டில் அப்படியே பொருந்தின.

கவனிங்க. இவங்க யாரும் அந்தத் தண்ணிக்குள்ள இறங்கவே இல்லை.

ஒரு தொட்டித் தண்ணி, தொடாதவங்களை எப்படிக் கொல்லும்? இதைப் புரிஞ்சுக்க ஒரு அப்பாவோட கதையில இருந்து ஆரம்பிக்கணும்.

"ஜக்குஸி" என்பது ஒரு குடும்பப் பெயர். நம்மூர் ரிசார்ட் விளம்பரங்களில் "பிரைவேட் ஜக்குஸி வசதி உண்டு" என்று போடுகிறார்களே, அதேதான். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஏழு சகோதரர்கள். முதலில் விமான புரொப்பல்லர் செய்தார்கள், பிறகு விமானமே செய்தார்கள். 1921-ல் அவர்களுடைய விமானம் விழுந்து ஒரு சகோதரர் உயிரிழந்தார். அதோடு ஆகாயத்தை விட்டுவிட்டு, கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்ப் தொழிலுக்கு வந்தார்கள். கம்பெனி இருந்தது பெர்க்லி நகரத்தில்.

கடைசித் தம்பி கான்டிடோவின் மகன் கென்னத். ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தைக்குத் தொண்டையில் தொற்று, அதைத் தொடர்ந்து மூட்டுகளெல்லாம் வீங்கும் வாதம். ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ். அது 1940-களின் தொடக்கம். ஸ்டீராய்டே அந்த நோய்க்கு இன்னும் வரவில்லை. குழந்தைக்குக் கொஞ்சமாவது ஆறுதல் கொடுத்தது மருத்துவமனையின் சுழல்நீர்த் தொட்டி ஒன்றுதான். வெந்நீரில் உடம்பு மிதக்கும், நீரோட்டம் மூட்டைப் பிடித்துவிடும். ஆனால் அதற்காக அடிக்கடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

அப்பாவுக்குத் தெரிந்த தொழில் பம்ப். வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு சின்ன பம்பை 1948-ல் செய்தார். தண்ணீரையும் காற்றையும் கலந்து பீய்ச்சும். 1956-ல் அது ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விற்ற இடங்களில் மருந்துக் கடைகளும் உண்டு. வாத நோயாளிகளுக்கான சாதனம், அவ்வளவுதான். சொகுசு எல்லாம் அப்புறம்.

இங்க ஒரு விஷயத்தை ஞாபகத்துல வச்சுக்கோங்க. கான்டிடோ செஞ்ச பம்ப் சாதாரணக் குளியல் தொட்டியில வேலை செஞ்சது. குழந்தை குளிச்சு முடிச்சதும் அடைப்பானைப் பிடுங்குவாங்க, தண்ணி போயிடும். அடுத்த தடவை புதுத் தண்ணி. அந்தத் தண்ணிக்கு வேதியியலே தேவைப்படலை.

மாற்றம் வந்தது 1968-க்குப் பிறகு. அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை, பம்பைத் தொட்டியின் சுவருக்குள்ளேயே பதித்தது. அதே காலத்தில் கலிபோர்னியா இளைஞர்கள் ஒயின் ஊறவைக்கும் பழைய மரத்தொட்டிகளை வாங்கி, வெந்நீர் நிரப்பி, நண்பர்களோடு உட்கார ஆரம்பித்தார்கள். 1970-களில் இரண்டும் கலந்தன. பெரிய தொட்டி, ஹீட்டர், ஃபில்டர். தண்ணீரைக் கொட்டுவதில்லை. வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், அதே தண்ணீரைச் சூடாக்கிச் சூடாக்கிச் சுற்றவிடுவது.

நோயாளியின் குளியல், இந்த இடத்தில் ஒரு குட்டைத் தண்ணீராக மாறியது. குட்டைக்கு மருந்து போட்டாக வேண்டும்.

தண்ணீருக்குக் குளோரின் போடும் பழக்கத்தை அமெரிக்காவில் ஊரளவில் நிலைநாட்டியவரும் ஒரு மருத்துவர்தான். டாக்டர் ஜான் லீல். அவருடைய அப்பாவும் மருத்துவர். உள்நாட்டுப் போரில் தொற்றிய வயிற்று நோயிலேயே பல வருஷம் அவதிப்பட்டு இறந்தவர். 1908 செப்டம்பரில் ஜெர்சி நகரின் குடிநீரில் லீல் யாரிடமும் அனுமதி கேட்காமல் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சொட்டவிட ஆரம்பித்தார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தத் தண்ணீரை உங்கள் மனைவிக்கும் குடும்பத்துக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். தயங்காமல் கொடுப்பேன் என்றார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது, ஊர் ஊராகக் குளோரின் பரவியது, டைபாய்டு இறங்கியது. (இன்றைக்கு ஒருவர் அனுமதி இல்லாமல் இப்படிச் செய்தால் நானே எதிர்த்து எழுதுவேன். வரலாறு அப்படித்தான் கொஞ்சம் சங்கடப்படுத்தும்.)

ஆனா குளோரின் போட்டா மட்டும் போதுமா? போதாது. இங்கதான் ஹாட் டப் வச்சிருக்கிற பலபேர் வழுக்குறாங்க.

தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியின் சுவரைத் துளைத்து உள்ளே போய்க் கொல்வது இதுதான். இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி. கொல்லும் திறன் அதற்கு மிகக் குறைவு. எது எவ்வளவு என்று முடிவு செய்வது தண்ணீரின் பிஹெச் அளவு. பிஹெச் 7.5 என்றால் பாதிக்குப் பாதி. 8-க்கு ஏறினால் வேலை செய்கிற உருவம் கிட்டத்தட்ட கால்வாசிதான். 8.3 ஆனால் ஏழில் ஒரு பங்கு. டெஸ்ட் ஸ்ட்ரிப் மட்டும் "குளோரின் 3 பிபிஎம், நல்லா இருக்கு" என்று காட்டிக்கொண்டே இருக்கும். படைவீரர்கள் எண்ணிக்கையில் குறையவில்லை, முக்கால்வாசிப் பேர் தூங்குகிறார்கள்.

இந்த பிஹெச் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பீர் கம்பெனியிலிருந்து. 1909-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. சில வருஷம் கழித்து அதே ஊரைச் சேர்ந்த ஹாசல்பால்க் என்ற மருத்துவர் அந்த அளவுகோலை ரத்தத்துக்குப் பொருத்தினார். ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு. மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் முதல் வருஷ வைவா ஞாபகம் வந்து கொஞ்சம் வியர்ப்பார்கள்.

எனக்கு ஹாட் டப் வேதியியல் புரிஞ்சதே இந்த வழியாத்தான். நம்ம ரத்தத்தோட பிஹெச் 7.35-ல இருந்து 7.45-க்குள்ள நிக்கணும். நிறுத்தி வைக்கிறது பைகார்பனேட். ஒருத்தர் பதற்றத்துல வேகவேகமா மூச்சு விட்டா என்ன ஆகும்? கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளிய போயிடும், ரத்தத்தோட பிஹெச் ஏறும், விரல் எல்லாம் மரத்துப்போகும். எமர்ஜென்சியில அடிக்கடி பார்க்கிற காட்சி.

ஹாட் டப் அந்தப் பதற்ற நோயாளி மாதிரிதான். குமிழி விடும்போதெல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே பறக்கிறது. திறந்து வைத்த சோடா பாட்டில் போல. பிஹெச் தானாக ஏறுகிறது. யாரும் எதையும் ஊற்றாமலேயே ஏறுகிறது. அமைதியாகக் கிடக்கும் நீச்சல் குளத்துக்கு இந்தத் தொந்தரவு இவ்வளவு கிடையாது.

அப்ப பைகார்பனேட்? அதுவும் உண்டு. "டோட்டல் ஆல்கலினிட்டி" என்று டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ஒரு கட்டம் இருக்கும், வழக்கமாக 80-லிருந்து 120 பிபிஎம் வரை வைக்கச் சொல்வார்கள். அது ரொம்பக் குறைந்தால் பிஹெச் இங்கும் அங்கும் தாவும். ரொம்ப அதிகமானால் பிஹெச் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு அமிலம் போட்டாலும் இறங்க அடம்பிடிக்கும். ஆல்கலினிட்டியை ஏற்றப் போடும் பவுடர் வேறொன்றும் இல்லை, நம்ம சமையலறை ஆப்பசோடாதான். ஐசியூவில் நாங்கள் ஊசி வழியாகக் கொடுக்கும் அதே பைகார்பனேட்.

இன்னொரு பெயரையும் சொல்லணும். லாங்லியர். கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர், அதே பெர்க்லி நகரம். ஊர்க் குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்க வழி தேடி 1936-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். பிஹெச், கால்சியம், ஆல்கலினிட்டி, வெப்பநிலை, கரைந்த உப்பு இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, அல்லது கரைத்து அரிக்குமா என்று சொல்லிவிடலாம். சூடு ஏறினால் சுண்ணாம்பு படிவது கூடும். போர்வெல் தண்ணீர் ஓடும் வீட்டில் கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹாட் டப் ஹீட்டரிலும் அதே வெள்ளைப் படிவு. கிருமிகள் ஒட்டிக்கொள்ள அந்தச் சொரசொரப்பு ரொம்ப வசதி.

ஆக, கான்டிடோ பம்ப் செஞ்ச காலத்துலயே இந்த அறிவு எல்லாம் தயாரா இருந்தது. அவர் ஊர்லயே இருந்தது. ஆனா அதெல்லாம் குளிர்ந்த குடிநீருக்கும் குழாய்க்கும் பெரிய குளத்துக்கும்னு எழுதப்பட்ட பாடம்.

ஹாட் டப் எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1,500 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 375 லிட்டர். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்தை அதே நெருக்கத்துக்குக் கொண்டுவர 1,200 பேருக்கு மேல் இறக்க வேண்டும். நான்கு பேரின் வியர்வை, தோல் துகள், எண்ணெய், சில சமயம் சிறுநீர் (முகம் சுளிக்காதீங்க, நடக்கிறதுதான்) எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். தின்று முடித்த மிச்சம் குளோரமின். மூக்கைத் துளைக்கும் அந்த "குளோரின் வாசனை" உண்மையில் இதனுடையதுதான். வாசனை தூக்கலாக இருந்தால் மருந்து நிறைய போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தலைகீழ். மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, சூடும் குமிழியும் மிச்சமிருக்கும் குளோரினையும் வேகமாகக் காலி செய்யும்.

முதல் எச்சரிக்கை தோலில் வந்தது. 1975-ல் அமெரிக்காவில் ஒரு மோட்டலின் சுழல்நீர்த் தொட்டியில் குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிவந்த கொப்புளங்கள். காரணம் சூடோமோனாஸ். நீச்சல் உடை மூடிய இடத்தில்தான் அதிகமாக வரும், ஏனென்றால் ஈரத்துணி கிருமியைத் தோலோடு அழுத்திப் பிடித்து வைக்கிறது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறிவிடும். எனவே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் பிலடெல்பியா. முன்னாள் ராணுவ வீரர்களின் மாநாடு ஒரு பெரிய ஹோட்டலில். வந்தவர்களில் 182 பேருக்கு நிமோனியா, 29 பேர் இறந்தார்கள். என்ன கிருமி என்று மாதக்கணக்கில் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர், ஏற்கெனவே பார்த்து ஒதுக்கி வைத்த ஸ்லைடுகளை மறுபடி எடுத்து உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த வீரர்களின் அமைப்பின் பெயரிலிருந்தே கிருமிக்கு லீஜியோனெல்லா என்று பெயர். அங்கே சந்தேகம் விழுந்தது ஏசியின் குளிர்விப்புக் கோபுரத்தின் மேல். ஹாட் டப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கிருமியின் குணம் தெரிந்ததும் அடுத்த இடம் எது என்று ஊகிக்க முடிந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும். 25-லிருந்து 45 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகமான இடம். குழாயின் உட்சுவரில் வழவழவென்று படியும் பாசிப்படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். குடித்தால் பொதுவாக ஒன்றும் செய்யாது, நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால்தான் வேலையைக் காட்டும். ஹாட் டப் என்ன செய்கிறது? 37, 38 டிகிரியில் தண்ணீரை வைத்திருக்கிறது. வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள் வைத்திருக்கிறது. குமிழி ஒவ்வொன்றும் மேலே வந்து வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் தூவுகிறது. ஒரு நெபுலைசர் மாதிரி. நாம் மருந்து வைக்கும் இடத்தில் அது கிருமியை வைக்கிறது.

1994-ல் ஒரு சொகுசுக் கப்பலில் ஒன்பது பயணங்களில் 50 பேருக்கு இந்த நோய். மூலம், மேல்தளத்துச் சுழல்நீர்த் தொட்டி. தண்ணீரில் இறங்காமல் பக்கத்தில் நேரம் கழித்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள் என்பது அந்த ஆய்விலேயே பதிவானது.

1996-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கடை. காட்சிக்கு ஓடவிட்ட ஒரு ஹாட் டப். 23 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். அதுவும் அச்சில் வெளிவந்தது.

அதுக்கப்புறம்தான் 1999, போவன்கார்ஸ்பெல்.

அதோட நின்னுதா? 2019 செப்டம்பரில் வட கரோலினாவில் ஒரு மாநிலக் கண்காட்சி. மறுபடியும் காட்சிக்கு வைத்த ஹாட் டப். 130-க்கும் மேற்பட்டோருக்கு நோய், நான்கு மரணம். இருபது வருஷம் கழித்து, அதே தொட்டி, அதே வேடிக்கை, அதே சாவு.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர், நாளைக்குப் பிள்ளைகள் இறங்குவார்களே என்றாவது ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்ப்பார். காட்சித் தொட்டியில் யாரும் குளிக்கப்போவதில்லை. அதனால் யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, விளக்கு போட்டால் அழகாக மின்னுகிறது. விற்பவருக்கு அது போதும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதற்கும் கிருமி இல்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும், விடுமுறைக்கு வாடகை வில்லா எடுப்பவர்களுக்கும் நடைமுறையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அமெரிக்காவின் சிடிசி சொல்லும் அளவு: குளோரின் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4. பிஹெச் 7.0-லிருந்து 7.8 வரை. சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. முதலில் ஆல்கலினிட்டியைச் சரி செய்யுங்கள், பிறகு பிஹெச், அதற்குப் பிறகு குளோரின். வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று நழுவும். வெயில்படும் நீச்சல் குளத்துக்கு விற்கும் "ஸ்டெபிலைஸ்டு" குளோரின் மாத்திரைகளை ஹாட் டப்பில் போட வேண்டாம். அதிலிருக்கும் சயனூரிக் அமிலம் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். அமிலத்தையும் குளோரினையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு, அது நேராக எங்கள் எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்துவிடும்.

கொஞ்ச நாள் மூடி வைத்த தொட்டியை அப்படியே சுவிட்ச் போட்டு இறங்காதீங்க. தண்ணியை வடிச்சு, தேய்ச்சு, ஃபில்டரையும் பார்த்து, புதுத் தண்ணி நிரப்பி, குளோரின் ஏத்தி ஓடவிட்டு, அளந்து பார்த்துட்டு இறங்குங்க. ரிசார்ட்டுல கேட்கக் கூச்சப்படாதீங்க. "கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க, எழுதி வச்சிருக்கீங்களா?" அவ்வளவுதான். பதில் சொல்லத் திணறினா குளிக்காதீங்க, பக்கத்துல நாற்காலி போட்டும் உட்காராதீங்க. 50 வயசு தாண்டினவங்க, புகை பிடிக்கிறவங்க, நுரையீரல் நோய் இருக்கிறவங்க, ஸ்டீராய்டு எடுக்கிறவங்க ரொம்பவே கவனமா இருக்கணும். வாத நோய்க்காரங்க பலர் இந்தக் கடைசி வகைதான். யாருக்காக இந்தச் சாதனம் பிறந்ததோ, அவங்களுக்கே ஆபத்து அதிகம்.

கென்னத் ஜக்குஸி சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார், ஆனால் நிறைய காலம் வாழ்ந்தார். 2005-ல் அப்பாவின் கண்டுபிடிப்பைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

கடைசியா, டாக்டரா ஒண்ணு. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல்னு ஆஸ்பத்திரிக்குப் போறப்போ, கடந்த ரெண்டு மூணு வாரத்துல எங்க தங்குனீங்க, ஹாட் டப் பக்கம் போனீங்களான்னு கேட்காமலே சொல்லிடுங்க. போவன்கார்ஸ்பெல்ல சிலருக்கு நோய் தெரிய 19 நாள் வரை ஆச்சு. நிமோனியாவுக்கு வழக்கமா கொடுக்கிற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் இந்தக் கிருமிகிட்ட எடுபடாது, ஏன்னா அது நம்ம செல்லுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து வேணும், அதுவும் சீக்கிரமா. சிறுநீர்ல பார்க்கிற ஒரு சுலபமான ஆன்டிஜன் டெஸ்ட் இருக்கு. ஆனா அது முக்கியமா ஒரு வகை லீஜியோனெல்லாவைத்தான் பிடிக்கும். அதனால டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும், "குமிழி விட்டுட்டு இருந்துச்சு டாக்டர், சும்மா பக்கத்துல நின்னு பார்த்தேன்"னு ஒருத்தர் சொன்னா, நான் அந்த மருந்தை நிறுத்த மாட்டேன்.